மழலையர் வகுப்பில் தன்வேகக் கற்றல்: ஆறு சனிக்கிழமைப் பயிற்சியும் ஒரு பெட்டி அட்டைகளும்

சென்ற கல்வியாண்டின் இரண்டாம் பருவத்தில், மொரீஷியஸின் குவாத்ர் போர்ன் நகரிலுள்ள ஒரு தனியார் பயிற்சி மையம் மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்கும் முதலாம் வகுப்பு ஆசிரியர்களுக்குமாக நடத்திய கலப்புக் கற்றல் பயிற்சியில் நானும் சேர்ந்திருந்தேன். ஆறு சனிக்கிழமைகள், சனிக்கிழமைக்கு மூன்று மணி நேரம் என்பது பயிற்சியின் அளவு. அதனுடன் ஒரு செயலியை ஓராண்டு பயன்படுத்தும் உரிமையும், பெட்டி நிறைய அட்டைகளும், டேப்லெட்டை நிமிர்த்தி வைக்க ஒரு தாங்கியும் தந்தார்கள். எல்லாவற்றுக்குமாகக் கட்டணம் 6,500 ரூபாய். மொரீஷியஸ் ரூபாய் என்பதை வெளிநாட்டு வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். அடுத்த அணிக்குப் பெயர் கொடுக்கலாமா என்று உடன் பணிபுரியும் தமிழாசிரியர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருப்பதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது நல்லது என்று தோன்றியது. நான் முதலாம் வகுப்புக் குழந்தைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். மாலையில் கோயில் வகுப்பில் அதைவிடச் சிறிய பிள்ளைகளும் என்னிடம் வருகிறார்கள். எனவே இந்த மதிப்பீடு ஒரு மொழியாசிரியரின் கண்ணோட்டம் என்பதை நினைவில் வைத்துப் படிக்க வேண்டுகிறேன்.

பயிற்சியின் அடிப்படைக் கருத்து எளிமையானது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நேரத்தில் வகுப்பின் முன்னால் நின்று சொல்ல வேண்டியதை ஆசிரியர் சிறுசிறு காணொளிகளாகப் பதிவு செய்து வைத்துவிடுகிறார். பிள்ளைகள் அவற்றைத் தமக்கு வேண்டியபோது, வேண்டிய தடவை பார்த்துவிட்டு, அட்டைகளையும் பொருள்களையும் வைத்துப் பயில்கிறார்கள். ஒன்றில் தேர்ச்சி பெற்றதை ஆசிரியரிடம் காட்டிய பிறகே அடுத்ததற்குப் போகிறார்கள். வாஷிங்டன் நகரில் உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியர்களாக இருந்த கரீம் ஃபரா, ராபர்ட் பார்னெட் ஆகிய இருவர் 2018-இல் தொடங்கிய ‘மாடர்ன் கிளாஸ்ரூம்ஸ் புராஜெக்ட்’ என்னும் இலாப நோக்கற்ற அமைப்பு பரப்பிவரும் முறையே இது. பயிற்சியாளர் இதனை முதல் நாளிலேயே மறைக்காமல் சொன்னார். அந்த அமைப்பின் அறிமுகப் பாடநெறி இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் படித்துத் தாமே முயல விரும்புகிறவர்கள் அங்கிருந்தே தொடங்கலாம். ஆனால் பதினைந்து வயது மாணவருக்காக எண்ணப்பட்ட ஒரு முறையை நான்கு வயதுக் குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து கொண்டுவருவதற்குத் தனி உழைப்பு வேண்டும். நாங்கள் பணம் கொடுத்தது அந்த உழைப்புக்குத்தான் என்று எண்ணிக்கொண்டேன். அதில் பாதி நடந்தது. பாதி எங்கள் தலையில் விழுந்தது.

‘இது முற்றிலும் புதியது’ என்ற சொல் முதல் மணி நேரத்தில் பலமுறை வந்தபோது எனக்குச் சற்றுச் சங்கடமாக இருந்தது. 2009-இல் சென்னையில் படித்துக்கொண்டிருந்த நாள்களில் ஒரு மாநகராட்சித் தொடக்கப் பள்ளிக்குள் பார்வையாளனாகச் சென்றிருக்கிறேன். அங்கே நாற்காலியும் இல்லை, மேசையும் இல்லை. பிள்ளைகள் பாயில் வட்டமாக அமர்ந்திருந்தார்கள். சுவரின் அடியில் அவர்கள் கைக்கு எட்டும்படி கீழ்மட்டக் கரும்பலகை ஓடியது. தலைக்குமேல் கம்பிப் பந்தலில் அவர்கள் வரைந்தவை தொங்கின. ஒவ்வொரு பிள்ளையும் சுவரிலிருந்த கற்றல் ஏணியில் தன் படியைத் தானே கண்டுபிடித்து, அதற்குரிய சின்னமிட்ட அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு தன் குழுவில் போய் உட்கார்ந்தது. ஆந்திரத்து ரிஷி வேலிப் பள்ளியின் அட்டை முறையிலிருந்து வளர்த்தெடுத்து, 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலும் பின்னர் தமிழ்நாடு முழுவதும் ஒன்று முதல் நான்காம் வகுப்பு வரையிலும் நடைமுறைக்கு வந்த செயல்வழிக் கற்றல்தான் அது. திரையைத் தவிர, இன்று எங்களுக்குக் கற்பிக்கப்பட்ட தன்வேகக் கற்றலின் உறுப்புகள் ஏறக்குறைய எல்லாமே அதில் இருந்தன. அதில் என்ன இடர் இருந்தது என்பதையும் அந்தப் பள்ளியின் ஆசிரியை அன்றைக்கே என்னிடம் சொன்னார்: நாற்பது பிள்ளைகள் நாற்பது படிகளில் நின்றால், ஒருவரால் எத்தனை படிகளில் ஏறி இறங்க முடியும்? தமிழ்நாடு 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் படிகள் சுருங்கி, அரும்பு, மொட்டு, மலர் என்ற மூன்று நிலைகள் வந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த ஆசிரியையின் கேள்வி என் நினைவுக்கு வரும்.

எங்கள் அணியில் 14 பேர் இருந்தோம். தமிழாசிரியர்கள் நான் உட்பட மூவர். மற்றவர்கள் மழலையர் பள்ளிகளிலும் முதலாம் வகுப்பிலும் பொதுப் பாடங்களைக் கற்பிப்பவர்கள். கருத்து வேறுபாடு முதல் நாளே வெளிப்பட்டது. ஃப்லாக் மாவட்டத்திலிருந்து வந்திருந்த ஓர் அம்மையார், மூன்று வயதுக் குழந்தைகளோடு இருபதாண்டுகளுக்கு மேல் இருந்தவர், “மூன்று வயதில் வேகம் என்று ஒன்று கிடையாது, அன்றைக்கு நன்றாகத் தூங்கி எழுந்ததா என்பதுதான் உண்டு” என்றார். ஒரே குழந்தை திங்களன்று புயலாகவும் செவ்வாயன்று நத்தையாகவும் இருக்கும்போது, எதை அதன் வேகம் என்று எழுதி வைப்பது என்பது அவருடைய கேள்வி. போர்ட் லூயிஸில் முதலாம் வகுப்பு எடுக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் இதற்கு நேர்மாறாகப் பேசினார். வீட்டிலேயே பிரெஞ்சுக் கதைப் புத்தகங்களைப் படித்து முடித்துவிட்டு வரும் பிள்ளையும், பென்சிலை முதன்முதலாகப் பிடிக்கும் பிள்ளையும் அவர் வகுப்பில் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் நின்று பேசும்போது இருவரில் எவருக்குமே தாம் பேசவில்லை என்ற உணர்வு பல ஆண்டுகளாகத் தம்மை அரித்துக்கொண்டிருந்தது என்றார் அவர். மழலையர் கல்வி 2024 ஜனவரியிலிருந்து இங்கு கட்டணமின்றி வழங்கப்படுகிறது. வகுப்பில் வந்து அமரும் பிள்ளைகளிடையே உள்ள வேற்றுமை இனிக் குறையப் போவதில்லை என்பதில் மட்டும் இருவரும் உடன்பட்டார்கள்.

பதிவு செய்யும் கலையைப் பற்றிய இரண்டாவது, மூன்றாவது சனிக்கிழமைகள்தான் கொடுத்த பணத்துக்கு ஈடானவை. நான் எடுத்த முதல் காணொளி ஏழு நிமிடம் ஓடியது. டகரத்தை அறிமுகப்படுத்தி, அதற்குரிய சொற்களைச் சொல்லி, ஒரு பாட்டும் பாடியிருந்தேன். வகுப்பில் அதைப் போட்டுக் காட்டியபோது பிள்ளைகள் கவனித்தது என் பின்னாலிருந்த சன்னலில் வந்து உட்கார்ந்த மைனாவைத்தான். பயிற்சியாளர் அதைப் பார்த்துவிட்டு மூன்றே திருத்தங்கள் சொன்னார்: முகம் வேண்டாம், கை மட்டும் தெரியட்டும், ஒரு காணொளிக்கு ஒரே செயல், நடுவில் நிறுத்தி, பிள்ளை செய்து முடிக்கும்வரை காத்திருங்கள். இப்போது என் காணொளிகள் ஒன்றரை நிமிடத்தைத் தாண்டுவதில்லை. ஒரு தாம்பாளத்தில் பரப்பிய அரிசியில் விரல் மேலிருந்து கீழே இறங்கி வலப்பக்கம் திரும்புகிறது. ‘ட’ என்ற ஒலி இரண்டு முறை கேட்கிறது. பிறகு திரை அசையாமல் நிற்கிறது. பிள்ளை தன் தாம்பாளத்தில் எழுதுகிறது. அவ்வளவுதான்.

தமிழாசிரியருக்கு இதில் ஒரு தனி நன்மை உண்டு. எங்கள் பிள்ளைகளின் வீட்டுமொழி கிரியோல். அதில் ழகரமும் இல்லை, ணகரமும் இல்லை. ‘பழம்’ என்பதை நாக்கு எப்படி மடிகிறது என்று தெரியும்படி வாயை மட்டும் நெருக்கமாக எடுத்த காணொளியை ஒரு சிறுமி ஒரே பாடவேளையில் பதினோரு முறை போட்டுப் பார்த்தாள். நான் நேரில் நின்று பதினோரு முறை சொல்லியிருந்தால், ஆறாவது முறையிலேயே என் முகத்தில் சலிப்பு தெரிந்திருக்கும். அதை அவளும் கண்டுகொண்டிருப்பாள். ஆனால் இதே காணொளியின் குறைபாடும் இங்கேதான் இருக்கிறது. பிள்ளை ‘பலம்’ என்று சொன்னாலும் திரை அதே புன்னகையுடன் ‘நன்று’ என்று சொல்லி அடுத்ததற்கு நகர்ந்துவிடுகிறது. சொல்லத் தெரிந்த திரைக்குக் கேட்கத் தெரியாது. எனவே தேர்ச்சியைப் பார்க்கும் வேலையை நான் செயலியிடம் விடாமல், பிள்ளையை அருகே அழைத்து என் காதால் கேட்ட பிறகே அட்டையில் முத்திரை இடுகிறேன். காணொளி எனக்கு மிச்சப்படுத்திக் கொடுத்த நேரம் முழுவதும் இந்தக் கேட்டலுக்கே செலவாகிறது. இது சரியான செலவு என்றே நினைக்கிறேன்.

காணொளிகளைப் பெற்றோரின் வாட்ஸ்அப் குழுவிலும் போடுகிறேன். இதனால் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஒரு பையனின் பாட்டியார், ரோமன் எழுத்தில் அச்சிட்ட புத்தகத்தை வைத்துக்கொண்டு தேவாரம் பாடுகிறவர், பேரனுக்காக வந்த காணொளிகளைத் தாமும் பார்த்து அரிசியில் எழுதத் தொடங்கிவிட்டார். தன்வேகக் கற்றலின் மிகச் சிறந்த மாணவர் யார் என்று என்னைக் கேட்டால், அறுபத்தெட்டு வயதான அவரைத்தான் சொல்வேன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டுத் தொலைக்காட்சியில் பாடங்கள் ஒளிபரப்பான நாள்களை நாங்கள் மறக்கவில்லை. அந்தப் பாடம் எந்தப் பிள்ளைக்காகவும் நிற்கவில்லை, நிற்கவும் முடியாது. சூறாவளி எச்சரிக்கையோ பெருமழையோ பள்ளியை மூடும் நாள்களில் இந்தச் சிறு காணொளிகள், மின்சாரம் இருக்கும்வரையில், வீட்டில் அந்த வேலையைச் செய்கின்றன.

இனிக் குறைகள். பெட்டியோடு ஒரு பெரிய சுவர்ப்படம் வந்தது. நீலக் கடலும் பவளத்திட்டும் வரைந்து, ஒவ்வொரு பிள்ளையின் பெயரிலும் ஒரு மீன்பிடிப் படகு. பாடம் முடிக்க முடிக்கப் படகு கரையிலிருந்து பவளத்திட்டை நோக்கி நகரும். பார்க்க மிக அழகாக இருந்தது. இரண்டாவது வாரம் முடிவதற்குள் ஒரு பையனின் படகைக் காணவில்லை. தேடியபோது அவன் காற்சட்டைப் பையிலிருந்தது. அவனே கழற்றி ஒளித்து வைத்திருந்தான். எல்லாப் படகுகளும் போய்விட்ட பிறகு தன்னுடையது மட்டும் கரையில் நிற்பதை அம்மா வந்து பார்ப்பாள் என்பது அவன் கவலை. உயர்நிலைப் பள்ளி மாணவருக்குத் தாம் எங்கே இருக்கிறோம் என்று தெரிவது உதவும் என்று பயிற்சியாளர் சொன்னது உண்மையாக இருக்கலாம். ஐந்து வயதில் அது ஓட்டப்பந்தயமாகிவிடுகிறது. அவரவர் வேகத்தில் போகலாம் என்று சொல்லிவிட்டு, யார் எவ்வளவு தூரம் போயிருக்கிறார்கள் என்று சுவரில் ஒட்டுவது எந்த வகையில் பொருந்தும்? அணியில் பாதிப் பேர் படத்தை வைத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் கழற்றினோம். நான் படகுகளை ஒவ்வொரு பிள்ளையின் அட்டை உறைக்குள்ளும் போட்டுவிட்டேன்.

மூன்று வண்ணத் தட்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘கட்டாயம் செய்’, ‘செய்தால் நல்லது’, ‘ஆசைப்பட்டால் செய்’ என்று செயல்களைப் பிரித்து வைக்கும் இந்த ஏற்பாடு மூல முறையிலேயே உள்ளது. ஆசிரியரின் மனத்தைத் தெளிவாக்குவதில் இதற்கு ஈடில்லை. எதைக் கட்டாயம் என்று வைப்பது என்று யோசிக்கும்போதுதான், நான் இத்தனை ஆண்டு கட்டாயம் என்று நினைத்து எழுத வைத்ததில் எவ்வளவு வெறும் பக்கம் நிரப்பல் என்பது தெரிந்தது. ஆனால் பெட்டியைத் தயாரித்தவர்கள் களிமண்ணையும் பொம்மலாட்டத்தையும் மூன்றாவது தட்டில் வைத்து, கோடு போட்ட தாள்களை முதல் தட்டில் வைத்துவிட்டார்கள். விரைந்து முடிக்கும் பிள்ளைக்கு நாள்தோறும் களிமண் கிடைக்கிறது. களிமண்ணால் மிகுதியாகப் பயன்பெறக்கூடிய, விரல் இன்னும் வசப்படாத பிள்ளை தாளிலேயே மாட்டிக்கொள்கிறது. நான்காவது சனிக்கிழமை ஃப்லாக் அம்மையார் இதைச் சுட்டிக்காட்டியபோது அறையில் சற்று நேரம் பேச்சே இல்லை. அவர் தம் வகுப்பில் தட்டுகளைத் தலைகீழாக்கிவிட்டதாகச் சொன்னார். நானும் அப்படியே செய்தேன். இப்போது என் கட்டாயத் தட்டில் களிமண் இருக்கிறது. மூன்றாவது தட்டில், நம் ரூபாய்த் தாளில் தமிழ் எண் எங்கே ஒளிந்திருக்கிறது என்று உருப்பெருக்கியால் தேடும் விளையாட்டு இருக்கிறது. ஒருமுறை அதைக் கண்டுபிடித்த பிள்ளை, கடைக்குப் போகும்போதெல்லாம் அம்மாவின் பணப்பையைத் திறக்கச் சொல்கிறதாம்.

தேர்ச்சி என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. செயலியில் ஒரு பாடம் பச்சையாகிவிட்டால் அது என்றைக்கும் பச்சைதான். செவ்வாயன்று அகரத்தைப் பிழையின்றி எழுதிய பிள்ளை வெள்ளியன்று அதைக் கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பி எழுதுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். இந்த வயதில் அது இயல்பு. மீண்டும் பார்க்கும் வழியைச் செயலி வைத்திருக்கவில்லை. மேலும், கத்தரிக்கோலைப் பிறருக்கு நீட்டும்போது பிடியை முன்னால் நீட்டுவதையும், தன் முறை வரும்வரை காத்திருப்பதையும் எந்தப் பொத்தானை அழுத்திப் பச்சையாக்குவது? மழலையர் ஆசிரியர்கள் பலர் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். பயிற்சியாளரின் விடை அவர்களை நிறைவு செய்யவில்லை, என்னையும்தான்.

செயலியின் தமிழைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. ‘கொ’ என்ற எழுத்தில் ஒற்றைக் கொம்பு ஒரு பக்கமும் துணைக்கால் மறு பக்கமும் சிதறி, நடுவில் ஒரு புள்ளிவட்டம் தோன்றுகிறது. எழுத்தறிவிக்கும் பொருளில் எழுத்தே உடைந்து நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்ட முடியாது. முறையிட்டேன், சரிசெய்வதாக மறுமொழி வந்தது, மூன்று மாதம் கழித்தும் கொம்பு தன் இடத்துக்கு வரவில்லை. கட்டளைகள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டுமே உள்ளன. பிள்ளைகள் பேசும் கிரியோலில் ஒரு சொல்கூட இல்லை என்பது, அந்த மொழி 2012 முதல் தொடக்கப் பள்ளிகளில் விருப்பப் பாடமாக இருக்கும் நாட்டில், வியப்பாகத்தான் இருக்கிறது.

திரை நேரம் குறித்த அச்சம் பெற்றோரிடம் உண்டு, அது நியாயமானதே. இரண்டு முதல் நான்கு வயது வரையுள்ளவர்கள் ஒரு நாளில் உட்கார்ந்தபடி திரை பார்ப்பது ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அறிவுரை. அந்த ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி வீட்டிலேயே செலவாகிவிடுகிறது என்று வைத்துக்கொண்டே வகுப்பைத் திட்டமிட வேண்டும். முதலாம், இரண்டாம் வகுப்புகளுக்கு 2018 முதல் டேப்லெட்டுகள் வந்துவிட்டமையால் தொடக்கப் பள்ளியில் கருவி புதிதன்று. மழலையர் பள்ளியில் நிலைமை வேறு. துணையாளர் இல்லாத வகுப்பில் ஒரு பிள்ளையைக் கழிப்பறைக்கு அழைத்துப் போகும் ஐந்து நிமிடத்தில் டேப்லெட்டுக்கு என்ன ஆகும் என்று கேட்ட ஆசிரியைக்குப் பயிற்சிக் கையேட்டில் விடை இல்லை. அவர் இறுதியில் டேப்லெட்டை அலமாரியில் பூட்டிவிட்டு, காணொளியில் தாம் செய்து காட்டியதை வரிசையான நான்கு படங்களாக அச்சிட்டு மேசையில் ஒட்டிவிட்டார்; பிள்ளைகள் படத்தைப் பார்த்துத் தாமே செய்கிறார்களாம். அணியில் எல்லோருடைய முயற்சியையும்விட எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

ஐயம் வந்தால் ஆசிரியரிடம் வருவதற்கு முன் இரண்டு நண்பர்களிடம் கேள் என்ற விதியைப் பற்றி மட்டும் ஒரு சொல். முடித்த பிள்ளை முடிக்காத பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை முறைதான். சென்னையில் அதைக் கண்ட ஆண்ட்ரூ பெல் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் ‘மதராஸ் முறை’ என்றே பெயர் வைத்தார். ஐந்து வயதுச் சட்டாம்பிள்ளைகள் சொல்லிக் கொடுப்பதில்லை, தாமே செய்து கொடுத்துவிடுகிறார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாயால் மட்டும் சொல்ல வேண்டும் என்று ஒரு விதி சேர்த்தேன். ஓரளவு பலித்தது.

கட்டணம் தகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறவர், குறிப்பாக வகுப்பில் தம் குரல் ஒன்றே அந்த மொழியின் குரலாக இருக்கும் மொழியாசிரியர், முதல் நான்கு சனிக்கிழமைகளுக்காகவே இதில் சேரலாம். மூன்று வயதுக் குழந்தைகளோடு இருப்பவர்கள் 6,500 ரூபாயில் களிமண்ணும் மரக்கட்டைகளும் வாங்கிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. ஐந்தாவது சனிக்கிழமை முழுவதும் செயலியின் பொத்தான்களைப் பற்றியது. ஆறாவது சான்றிதழும் நிழற்படமும். செயலியை மட்டும் தனியாக விற்க முன்வந்தால் வாங்க வேண்டாம். பயிற்சி மையம் தமிழ், இந்தி, உருது ஆசிரியர்களுக்கெனத் தனி அணி ஒன்றை வைத்தால் எடுத்துக்காட்டுகள் எல்லாம் பிரெஞ்சிலேயே இருக்கும் குறை தீரும். இதை எழுத்து மூலமாகவே தெரிவித்திருக்கிறேன்.

என் செயலி உரிமை வரும் ஜூன் மாதத்தோடு முடிகிறது, புதுப்பிக்கப் போவதில்லை. காணொளிகள் என் கைப்பேசியிலேயே இருக்கின்றன. அட்டைகளில் பதினொன்று ஓரம் நைந்துவிட்டன. அவற்றை விடுமுறையில் தடித்த தாளில் மறுபடி வரைந்து, ‘கொ’வை என் கையாலேயே எழுதிச் சேர்க்க வேண்டும்.